மூணு தடவை மூளைக்காய்ச்சல் வந்த பையனுக்கு ஸ்கேன் அவசியமா?

கேட்டிருக்கிற அம்மாவோட கேள்வி சுருக்கமா இதுதான். பையனுக்கு 7 வயசு, மூணு வருஷத்துல மூணு தடவை மூளைக்காய்ச்சல் வந்து ஐசியு வரைக்கும் போயிட்டு வந்திருக்கான், ஒவ்வொரு தடவையும் ரெண்டு வாரம் ஊசி போட்டு நல்லாயிட்டான், கீழ விழுந்து தலையில அடிபட்டதும் இல்ல. இப்போ பார்க்கிற டாக்டர் மண்டையோட்டுக்கு அடியில பிறவியிலேயே ஒரு ஓட்டை இருக்கலாம், காதுக்கும் மூக்குக்கும் ஸ்கேன் எடுங்கன்னு சொல்றார். வீட்ல பெரியவங்க, பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, சத்தா சாப்பிட கொடுத்தா சரியாகிடும், தலையில எல்லாம் கை வைக்க விடாதேங்கிறாங்க. யார் சொல்றதை கேக்குறது?

நான் காது மூக்கு தொண்டை டாக்டர், இந்த மாதிரி குழந்தைங்களை பார்த்திருக்கேன், அதனால நேரடியாவே சொல்லிடறேன்: அந்த டாக்டர் சொல்றதை கேளுங்க, இந்த வாரமே கேளுங்க. ஒரு தடவை மூளைக்காய்ச்சல் வர்றது எந்த குழந்தைக்கும் நடக்கலாம். ரெண்டாவது தடவை வந்தாலே காரணம் ஒண்ணு இருக்குன்னு வெச்சுக்கிட்டு தேடணும், மூணாவது தடவைக்கு காத்திருந்திருக்கவே கூடாது. இதை உங்களை குத்தம் சொல்ல சொல்லல, தேடியிருக்க வேண்டியது வைத்தியம் பார்த்தவங்க.

முதல்ல ஒரு விஷயத்தை தெளிவு பண்ணிக்கோங்க. நம்ம ஊர்ல மூளைக்காய்ச்சல்ங்கிற ஒரே பேர்ல பல வியாதியை சொல்லிடறோம். கொசுவால வர்ற ஜப்பானிய மூளைக்காய்ச்சலும் அதே பேர்தான், வைரஸால மூளைச்சவ்வுல வர்ற வீக்கமும் அதே பேர்தான், பாக்டீரியாவால அதே சவ்வுல வர்ற மெனிஞ்சைடிஸும் அதே பேர்தான். நான் இங்க சொல்றது கடைசியா சொன்னதை. வீட்ல இருக்கிற மூணு டிஸ்சார்ஜ் சம்மரியையும் எடுத்து வெச்சு, முதுகுல ஊசி போட்டு எடுத்த தண்ணியோட ரிப்போர்ட்டை பாருங்க. தண்ணி கலங்கலா இருந்துச்சு, செல் எண்ணிக்கை நூத்துக்கணக்குல ஆயிரக்கணக்குல இருந்துச்சு, அதுல நியூட்ரோஃபில்ங்கிற வெள்ளை அணு அதிகம், சர்க்கரை குறைவுன்னு இருந்தா அது பாக்டீரியா. அடுத்து கல்ச்சர்னு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்த்த டெஸ்ட்னு, ஒரு வரி இருக்கும், அதுல ஒரு கிருமியோட பேர் இருந்தா அந்த வரிதான் உங்க கையில இருக்கிற பெரிய துப்பு. முதல் தடவை வைத்தியம் முடிஞ்சு மூணு வாரத்துக்கு மேல ஆனப்புறம் அதே கிருமி திரும்ப வந்தாலும் சரி, எப்போ வந்தாலும் வேற கிருமியா இருந்தாலும் சரி, அதை திரும்பத் திரும்ப வர்ற மெனிஞ்சைடிஸ்னு எடுத்துக்குவோம்.

கிருமியோட பேரு ஏன் துப்புன்னா, அது எந்த வாசல் வழியா வந்துச்சுன்னு ஓரளவு காட்டிக் கொடுத்துடும். நிமோகாக்கஸ்னு இருந்தா தலைப்பக்கம் பாருங்க, காது இல்லன்னா மூக்கு, ஏன்னா அந்த கிருமி குழந்தைங்க மூக்குக்கும் தொண்டைக்கும் பின்னாடி சாதாரணமாவே குடியிருக்கிறது, ஹீமோஃபிலஸும் அப்படித்தான். ஈ கோலை, ஸ்டெஃபைலோகாக்கஸ்னு இருந்தா பிள்ளையை குப்புற படுக்க வெச்சு முதுகுத்தண்டு முழுக்க, பிடரியில இருந்து புட்டப்பிளவுக்கு மேல வரைக்கும், நல்ல வெளிச்சத்துல பாருங்க, ஊசி முனை அளவுக்கு ஒரு குழி, அதுல ஒரு கொத்து முடி, இல்ல சிவப்பா ஒரு தழும்பு மாதிரி இருந்தா அதுக்குள்ள இருந்து தண்டுவடம் வரைக்கும் ஒரு மெல்லிசான பாதை ஓடலாம். மெனிங்கோகாக்கஸ்னு இருந்தா ரத்தத்துல காம்ப்ளிமென்ட்னு சொல்ற புரதத்துல குறை இருக்கான்னு பார்க்கணும். கல்ச்சர்ல ஒண்ணும் வளரலன்னு எழுதியிருந்தா மனசு விட்டுடாதீங்க, நம்ம ஊர்ல காய்ச்சல் வந்த அன்னைக்கே மெடிக்கல்ல ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கி ரெண்டு மூடி ஊத்திட்டுதான் ஆஸ்பத்திரிக்கே வர்றாங்க, அதனால கிருமி வளராமலே போயிடுது.

வீட்ல சொல்ற எதிர்ப்பு சக்தி விஷயத்துக்கு வரேன், அது முழுக்க தப்பான பேச்சு இல்ல. 2008-ல மெல்போர்ன்ல இருந்து ரெண்டு டாக்டருங்க மருத்துவ இதழ்கள்ல பதிவான 363 பேரோட கேஸை சேர்த்து பார்த்தாங்க. அதுல 59 சதவீதம் பேருக்கு எலும்புலயோ சவ்வுலயோ எங்கேயோ ஓட்டை, சிலருக்கு பிறவியில, சிலருக்கு அடிபட்டு. 36 சதவீதம் பேருக்கு எதிர்ப்பு சக்தி குறை. மிச்சம் 5 சதவீதம் பேருக்கு காதுலயோ சைனஸ்லயோ ஆறாத சீழ். ஆனா இந்த எதிர்ப்பு சக்தி குறைங்கிறது ஹார்லிக்ஸும் பேரீச்சம்பழமும் கொடுத்து சரி பண்ற சமாச்சாரம் இல்ல, மண்ணீரல் இல்லாம பிறக்கிறது, கிருமியை எதிர்க்கிற இம்யூனோகுளோபுலின்ங்கிற புரதம் குறைவு, காம்ப்ளிமென்ட் குறைவு, இதெல்லாம் ரத்தப் பரிசோதனையிலயும் வயித்து ஸ்கேன்லயும் பார்த்து கண்டுபிடிக்கிறது. அந்த டெஸ்ட்டையும் எடுங்க, ஓட்டையையும் தேடுங்க, ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கட்டும், ஒண்ணு முடிஞ்சப்புறம் இன்னொண்ணுன்னு தள்ளிப் போடாதீங்க.

இப்போ அந்த ஓட்டை என்னன்னு சொல்றேன். மூளையை சுத்தி தெளிவா பச்சைத்தண்ணி மாதிரி ஒரு நீர் இருக்கு, பெரியவங்களுக்கு மொத்தமே 150 மில்லிதான் இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு 500 மில்லி அளவுக்கு புதுசா சுரந்துக்கிட்டே இருக்கும், குழந்தைங்களுக்கு இதைவிட குறைவு. மூளை இந்த நீருக்குள்ள மிதக்குது, அதை சுத்தி சவ்வு, அதுக்கு வெளிய எலும்பு. இந்த எலும்போட அடித்தளம் மூக்குக்கு மேல ஒரு சல்லடை மாதிரி மெல்லிசா இருக்கு, வாசனை நரம்புங்க அந்த சல்லடை வழியாதான் இறங்குது, காதுக்குள்ளயும் நரம்பு போக ஒரு குழாய் இருக்கு. கருவுல இந்த இடங்கள்ல எங்கேயாவது எலும்பு சரியா மூடாம விட்டுப்போச்சுன்னா மூக்குல இருக்கிற கிருமிக்கும் மூளைக்கும் நடுவுல ஒரு சவ்வுதான் தடுப்பு, சில பேருக்கு அதுவும் கிடையாது. சளி பிடிக்கிற ஒவ்வொரு தடவையும் அந்த வாசல்ல கிருமி வந்து நிக்குது. ஆன்டிபயாட்டிக் உள்ள போன கிருமியை கொல்லும், வாசலை மூடாது. ஒவ்வொரு தடவையும் நல்லாகி ரெண்டு தடவை திரும்ப வந்ததுக்கு அர்த்தம் அதுவா இருக்கலாம்.

மூக்கைவிட காதுலதான் இந்த ஓட்டை கண்ணுல படாம தப்பிச்சுக்கிட்டே இருக்கும், அதனால அதை கொஞ்சம் விவரமா சொல்றேன். 1791-ல இத்தாலியில போலோன்யாவுல கார்லோ மொண்டினின்னு ஒரு டாக்டர், பிறவியிலேயே காது கேக்காத 8 வயசு பையன் ஒருத்தன் இறந்தப்புறம் அவனோட காது எலும்பை அறுத்து பார்த்தார். உள்காதுல நத்தை மாதிரி சுருண்டிருக்கிற காக்ளியா நமக்கெல்லாம் ரெண்டரை சுத்து இருக்கும், அந்த பையனுக்கு ஒன்றரை சுத்தோட நின்னு போயிருந்துச்சு. இன்னைக்கும் அதை மொண்டினி குறைபாடுன்னுதான் சொல்றோம், அதுலயே பல தினுசு இருக்குன்னு இப்போ பிரிச்சு வெச்சிருக்காங்க. இந்த மாதிரி காதுல நிறைய பேருக்கு கேட்கும் திறன்தான் பிரச்சனை, மூளைக்காய்ச்சல் வராது. ஆனா சில காதுல மூளை நீர் இருக்கிற அந்த நரம்புக் குழாய்க்கும் உள்காதுக்கும் நடுவுல இருக்க வேண்டிய எலும்புத் தடுப்பு இருக்காது. அப்போ நீரோட அழுத்தம் நேரா உள்காதுக்குள்ள வந்து அங்க இருந்து அங்கவடி எலும்போட அடித்தட்டுல மோதும், உடம்புலயே சின்ன எலும்பு அது. அந்த தட்டு நாளடைவுல மெலிஞ்சு பொத்துக்கும். நீர் நடுக்காதுக்கு வரும், செவிப்பறை ஓட்டை இல்லாம நல்லா இருக்கிறதால வெளிய வழியாது, நடுக்காதுல இருந்து தொண்டைக்கு போற குழாய் வழியா மூக்குக்கு பின்னாடி இறங்கும், குழந்தை அதை முழுங்கிடும். ஒரு சொட்டு கூட யார் கண்ணுலயும் படாது.

ஒரு பொண்ணை பத்தி சொல்றேன், 5 வயசு, அடையாளம் எதுவும் சொல்லல. ரெண்டு தடவை நிமோகாக்கஸ் மெனிஞ்சைடிஸ். என்கிட்ட அனுப்பினது அதுக்காக இல்ல, இடது காதுல நீர் கோத்திருக்கு, சின்னதா ஒரு டியூப் வெச்சு விடுங்கன்னு. அந்த மாதிரி நீர் பாதி குழந்தைங்களுக்கு சளியோட வந்து போறதுதான், பசை மாதிரி கெட்டியா இருக்கும். மைக்ராஸ்கோப்ல பார்த்துக்கிட்டே செவிப்பறையில சின்னதா கீறினேன், கெட்டியா எதுவும் வரல, பளிங்கு மாதிரி தண்ணி, உறிஞ்சி எடுத்தா ரெண்டு செகண்டுல திரும்ப நிறைஞ்சுது, நாடி அடிக்கிற தாளத்துக்கே ஏறி இறங்குச்சு. கையை எடுத்துட்டேன். வெளிய வந்து அவங்க அம்மாகிட்ட இந்த காது கேக்குமான்னு கேட்டேன். "நல்லா கேக்குமே டாக்டர்"னாங்க, கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே "ஆனா எப்பவும் போனை வலது காதுலதான் வைப்பா, இடது பக்கம் வெச்சா பிடுங்கி மாத்திக்குவா"ன்னாங்க. டெஸ்ட் பண்ணா அந்த இடது காது பிறவியிலேயே முழுசா கேக்காது. ரெண்டு தடவை ஐசியுல இருந்த பிள்ளைக்கு யாருமே காதை தனித்தனியா டெஸ்ட் பண்ணல. சிடி எடுத்தா உள்காது ஒரே பை மாதிரி இருந்துச்சு, சுத்து எதுவும் இல்ல.

அதனாலதான் எந்த குழந்தைக்கு மெனிஞ்சைடிஸ் வந்தாலும், முதல் தடவையா இருந்தாலும், டிஸ்சார்ஜ் ஆன நாலு வாரத்துக்குள்ள ரெண்டு காதையும் தனித்தனியா கேட்கும் டெஸ்ட் பண்ணுங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். பேசுற பிள்ளைக்கு ஹெட்போன் வெச்சு பண்ற டெஸ்ட், சின்ன பிள்ளைக்கு தூங்க வெச்சு, சத்தம் நரம்பு வழியா மூளைக்கு போகுதான்னு பார்க்கிற பெரா டெஸ்ட். ஒத்தைக் காது கேக்காத பிள்ளை நல்லா பேசும், கூப்பிட்டா திரும்பும், ஸ்கூல்ல முதல் மார்க் கூட வாங்கும், வீட்ல கண்டுபிடிக்கவே முடியாது. நாலு வாரம்னு அவசரப்படுத்துறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, மெனிஞ்சைடிஸாலயே காது போயிருந்தா காக்ளியாவுக்குள்ள எலும்பு வளர்ந்து அடைச்சுக்க ஆரம்பிக்கும், சில பிள்ளைங்களுக்கு சில வாரத்துலயே, அப்புறம் காக்ளியர் இம்பிளான்ட், அதாவது கேக்க வைக்க உள்காதுல பொருத்துற கருவி, வைக்கணும்னாலும் கஷ்டம்.

மூக்குப் பக்கம் ஓட்டை இருந்தா கண்ணுல படுற அடையாளம் கொஞ்சம் உண்டு. ஒரே பக்க மூக்குல இருந்து தண்ணியா சொட்டும், அதுவும் குனிஞ்சு ஷூ லேஸ் கட்டும்போது, காலையில எழுந்து தலையை கவுக்கும்போது. சளின்னா ரெண்டு பக்கமும் வரும், கெட்டியாகும், ஒரு வாரத்துல நிக்கும். பழைய காலத்து டாக்டருங்க சொல்ற ஒரு குறிப்பு, கைக்குட்டையில பட்டு காஞ்சா சளி விறைச்சுக்கும், மூளை நீர் விறைக்காது, துணி துணியாவே இருக்கும். பெரிய பிள்ளையா இருந்தா தொண்டையில உப்பு கரிக்குதுன்னு சொல்லும். இதெல்லாம் சந்தேகப்படறதுக்குதான், உறுதி பண்றதுக்கு அந்த தண்ணியை ஒரு சின்ன பாட்டில்ல பிடிச்சு பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் டெஸ்டுக்கு அனுப்பணும், மூக்குச்சளியில இல்லாத புரதம் அது. சர்க்கரை ஸ்டிரிப் வெச்சு பார்க்கிறதை நம்பாதீங்க, அது தப்பா காட்டும்.

இன்னொண்ணு, இது ரொம்ப முக்கியம். கைக்குழந்தைக்கோ சின்ன பிள்ளைக்கோ மூக்குக்குள்ள ஒரு பக்கம் மட்டும் சதை வளர்ந்திருக்குன்னு யாராவது சொன்னா, ஸ்கேன் எடுக்காம அதை கிள்ளிப் பார்க்கவோ வெட்டவோ விடவே விடாதீங்க. அந்த வயசுல சாதாரண பாலிப் அபூர்வம், எலும்பு ஓட்டை வழியா மூளைச்சவ்வும் மூளையோட ஒரு துணுக்கும் இறங்கி வந்து மூக்குக்குள்ள தொங்குறதா இருக்கலாம், என்செஃபலோசீல்னு பேரு. குழந்தை அழுதா அது உப்பும். அதை பாலிப்னு நினைச்சு வெட்டினா மூளை நீர் கொட்டும், அன்னைக்கே மூளைக்காய்ச்சலுக்கு கதவு திறந்துடும். மூக்குத்தண்டு வழக்கத்தைவிட அகலமா, ரெண்டு கண்ணுக்கும் இடைவெளி அதிகமா இருக்கிற குழந்தைங்ககிட்ட இதை கூடுதலா சந்தேகப்படணும்.

ஸ்கேன்னா என்ன ஸ்கேன்னு கேட்டுக்கோங்க. தலைக்கு எடுக்கிற சாதாரண சிடில இது தெரியாது, அதுல வெட்டு தடிமனா இருக்கும், ஓட்டை ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். மூணு தடவை அட்மிட் ஆனப்பவும் சிடி நார்மல்னு ரிப்போர்ட் வந்திருக்கும், அதை வெச்சு ஓட்டை இல்லன்னு முடிவு பண்ணாதீங்க. காது எலும்புக்கும் மண்டையோட்டு அடித்தளத்துக்கும் தனியா, ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான வெட்டுல, ஹை ரெசல்யூஷன் சிடி எடுக்கணும். கூடவே எம்ஆர்ஐ, அதுல தண்ணியை பளிச்சுன்னு காட்டுற ஒரு முறை இருக்கு, எலும்பு ஓட்டையை சிடி காட்டும், அது வழியா இறங்கினது தண்ணியா மூளையான்னு எம்ஆர்ஐ காட்டும். ரெண்டு வயசுக்கு உள்ள இருக்கிற குழந்தைங்களுக்கு மூக்கு மேல இருக்கிற எலும்பு இன்னும் குருத்தெலும்பாவே இருக்கும், சிடில அது ஓட்டை மாதிரியே தெரியும், அதனால பழக்கமுள்ள ரேடியாலஜிஸ்ட் பார்த்தாதான் சரி. உங்க பையனுக்கு 7 வயசு, அந்த குழப்பம் இல்ல.

ஆபரேஷன்னு சொன்னதும் தலையை திறந்துடுவாங்கன்னு பயப்படறீங்க, புரியுது. 1926-ல பால்டிமோர்ல வால்டர் டேண்டி இந்த நீர்க்கசிவை முதல்ல அடைச்சப்போ நெத்தி எலும்பை திறந்துதான் பண்ணார். 1981-ல இருந்து மூக்கு வழியாவே எண்டோஸ்கோப் விட்டு அடைக்கிறது ஆரம்பிச்சுது, இன்னைக்கு மூக்குப் பக்க ஓட்டைக்கு பெரும்பாலும் அப்படித்தான், முகத்துல ஒரு கீறல் கூட இருக்காது. தொடையில இருந்து கொஞ்சம் கொழுப்பும் தசைமேல் சவ்வும் எடுத்து அடுக்கடுக்கா வெச்சு, மேல மூக்கு உள்தோலையே திருப்பிப் போட்டு மூடுவாங்க. முதல் தடவையிலேயே பத்துல ஒன்பது பேருக்கு அடைஞ்சுடும். காதுன்னா செவிப்பறையை தூக்கிட்டு உள்ள போய் பொத்துப்போன அந்த குட்டி எலும்பை எடுத்துட்டு, உள்காதை தசையாலயும் சவ்வாலயும் இறுக்கமா அடைப்போம். காது போயிடுமேன்னு கேப்பீங்க, இந்த மாதிரி காது பெரும்பாலும் ஏற்கனவே கேக்காத காதுதான், இழக்கறதுக்கு அங்க எதுவும் இல்ல. கேட்கும் காதா இருந்தா வழி வேற, அதை ஆபரேஷன் பண்றவர்கிட்ட முன்னாடியே பேசிக்கோங்க. இன்னொரு காதையும் பாருங்க, இந்த குறைபாடு ரெண்டு பக்கமும் இருக்கலாம். ரெண்டுமே கேக்காத பிள்ளைக்கு காக்ளியர் இம்பிளான்ட் வைக்கணும்னா, 6 வயசுக்கு உட்பட்டவங்களுக்கு தமிழ்நாட்டுல முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துலயே அது வருது, ஆனா உள்காது குறைபாடு இருக்குன்னு தெரிஞ்சு வைக்கணும், திறந்தவுடனே மூளை நீர் பீறிட்டு வரும், அதை அடைச்சுட்டுதான் முடிக்கணும்.

எந்த ஆபரேஷனும் இப்போ இருக்கிற இன்ஃபெக்ஷன் முழுசா ஆறினப்புறம்தான். முடிஞ்சு கொஞ்ச வாரத்துக்கு மூக்கை சிந்தக் கூடாது, தும்மல் வந்தா வாயைத் திறந்து தும்மணும், முக்கி வெளிக்கு போகக் கூடாது, ஓடி ஆடக் கூடாது. 7 வயசு பையனை அடக்கி வைக்கிறதுதான் உங்களுக்கு ஆபரேஷனைவிட பெரிய வேலையா இருக்கும்.

தடுப்பூசி அட்டையை எடுத்து பாருங்க. ஹீமோஃபிலஸுக்கான ஊசி பென்டாவேலன்ட்ங்கிற அஞ்சு நோய்க்கான ஊசியில 2011 டிசம்பர்ல இருந்தே தமிழ்நாட்டு அரசு மையங்கள்ல போடறாங்க, அது போட்டிருப்பீங்க. நிமோகாக்கஸ் ஊசி, பிசிவின்னு சொல்றது, அரசு திட்டத்துல நாடு முழுக்க வந்தது 2021-லதான், அதுக்கு முன்னாடி பிறந்த பிள்ளைக்கு காசு கொடுத்து போட்டிருந்தாதான் உண்டு. போடலன்னா இப்போ போடுங்க, அதுக்கு எட்டு வாரமாவது கழிச்சு 23 வகைக்கான இன்னொரு நிமோகாக்கஸ் ஊசியும் போடணும். இது ஆபரேஷனுக்கு பதில் இல்ல, நிமோகாக்கஸ்லயே 90-க்கும் மேல வகை இருக்கு, ஊசி அதுல சிலதுக்குதான். ஓட்டையை அடைக்காம தினமும் ஆன்டிபயாட்டிக் மாத்திரை கொடுத்து ஓட்டலாமான்னும் கேக்குறாங்க, அது தடுக்குதுன்னு நம்பறதுக்கு ஆதாரம் இல்ல, மருந்துக்கு அடங்காத கிருமிதான் வளரும்.

ஆபரேஷன் ஆகுற வரைக்கும் ஒண்ணு செய்யுங்க. ஒரு பேப்பர்ல தேதிவாரியா எப்போ எப்போ மெனிஞ்சைடிஸ் வந்துச்சு, என்ன கிருமி, என்ன மருந்துன்னு எழுதி ஸ்கூல் பையிலயும் உங்க பர்ஸ்லயும் வையுங்க, போன்ல போட்டோவும் எடுத்து வெச்சுக்கோங்க. காய்ச்சலோட தலைவலி, வாந்தி, கழுத்தை குனிய முடியல, வெளிச்சம் பார்க்க முடியல, தூங்கிக்கிட்டே இருக்கான், இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேரா போய் அந்த பேப்பரை முதல்ல நீட்டுங்க. காலையில பார்த்துக்கலாம்னு வீட்ல மிச்சமிருக்கிற சிரப்பை கொடுக்காதீங்க.

கடைசியா நீங்க எழுதினதுல ஒரு வரி என் மனசுலயே நிக்குது, மாசமா இருந்தப்போ வேலைக்கு போனதாலதான் இப்படி ஆச்சோன்னு கேட்டிருந்தீங்க. இல்லம்மா. உள்காதோட வடிவம் கருவுக்கு நாலுல இருந்து எட்டு வாரத்துக்குள்ள முடிவாகிடும், மூளையா மாறப்போற குழாய் நாலாவது வாரத்துலயே மூடிக்கும், நிறைய பேருக்கு அப்போ மாசமா இருக்கோம்னே தெரியாது. வேலைக்கு போனதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. திங்கட்கிழமை ரெண்டு காதுக்கும் கேட்கும் டெஸ்ட் எடுத்துட்டு, ஸ்கேன் தேதியும் வாங்கிடுங்க.